மெயின் சர்வர் படுத்தால் மெயிலைத் தாங்கும் ரிலே: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சென்னையில் அடைமழைக் காலம் தொடங்கினால் எங்கள் அலுவலகத்தில் இரண்டு வேலைகள் நடக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைப்போம், மெயின் சர்வர் படுத்தால் அதன் மெயிலை வாங்கி வைக்கும் துணையான ரிலே சர்வரைச் சோதித்துப் பார்ப்போம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கிய தெருவில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். யூபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு மெயில் சர்வர் படுத்துவிடும்.

அந்த நேரத்தில் நமக்கு வரும் மெயில் எங்கே போகும்? அனுப்பியவரின் சர்வரே அதை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். மெயில் பரிமாற்றத்துக்கான விதிமுறையான ஆர்எஃப்சி 5321, முயற்சிகளுக்கு இடையே குறைந்தது 30 நிமிடம் விடச் சொல்கிறது. கைவிடுவதற்கு முன் குறைந்தது 4, 5 நாள் பார்க்கச் சொல்கிறது. எனவே ரிலே இல்லாவிட்டாலும் மெயில் உடனே தொலைந்துவிடாது. ஆனால் எல்லா சர்வர்களும் இந்த விதிப்படி நடப்பதில்லை. நடந்தாலும், நம் சர்வர் எழுந்த பிறகு அவர்கள் எப்போது மறுபடி முயல்கிறார்களோ அப்போதுதான் மெயில் வரும். ரிலே இருந்தால் எத்தனை நாள் வைத்திருப்பது, எப்போது தள்ளிவிடுவது, யாருக்கு எத்தனை மெயில் காத்திருக்கிறது என்பதெல்லாம் நம் கையில் இருக்கும். அதே சமயம், அரைகுறையாக அமைத்த ரிலே இருப்பதைவிட இல்லாமலே இருப்பது மேல். கீழே வரும் அறிகுறிகள் ஏன் என்று காட்டும்.

நான் எடுத்துக்கொள்வது போஸ்ட்ஃபிக்ஸ். வீட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் எழுதி 1998-ல் வெளியான மெயில் சர்வர் மென்பொருள் அது. கியூவை, அதாவது காத்திருக்கும் மெயில் வரிசையை, கையாளுவதில் அதன் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் சிறிய எழுத்தாக, அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு போட்டுத் தட்டுங்கள்.

அமைப்பு இப்படி: மெயின் சர்வர் அலுவலகத்தில், ரிலே வேறு ஊரில் வாடகைக்கு எடுத்த சிறிய விபிஎஸ்ஸில் (மெய்நிகர் சர்வர்). டொமைன் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில், மெயிலை எந்த சர்வருக்குக் கொடுப்பது என்று காட்டும் எம்எக்ஸ் பதிவு இரண்டு: மெயின் சர்வரின் எண் 10, ரிலேயின் எண் 20. சிறிய எண்ணுக்குத்தான் முதலில் போவார்கள். இரண்டு சர்வர்களுக்கும் நடுவே ஒரு வயர்கார்ட் சுரங்கம், அதாவது பூட்டிய தனி இணைப்பு. அதில் மெயின் சர்வரின் முகவரி 10.8.0.1 என்று வைத்துக்கொள்வோம். ரிலேயின் அமைப்புக் கோப்பில் முக்கியமான வரிகள் இவை:

ரிலே_டொமைன்ஸ் = நம்நிறுவனம்.இன்
ரிலே_ரெசிப்பியன்ட்_மேப்ஸ் = பெறுநர் பட்டியல் கோப்பு
டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் = வழிக் கோப்பு
மாக்ஸிமல்_கியூ_லைஃப்டைம் = 14 நாள்

வழிக் கோப்பில் ஒரே ஒரு வரி: நம்நிறுவனம்.இன் என்று எழுதி, அதன் பக்கத்தில் ரிலே:[10.8.0.1]. அந்தச் சதுர அடைப்பு மிக முக்கியம். 'இந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடாதே, நேராக இங்கேயே போ' என்று அதற்குப் பொருள். நம் டொமைன் பெயர் ரிலேயின் மைடெஸ்டினேஷன் வரியில் இருக்கக் கூடாது. இருந்தால் ரிலே அந்த மெயில் எல்லாம் தனக்கே வந்ததாக எடுத்துக்கொள்ளும். கோப்பை மாற்றியதும் போஸ்ட்மேப் (கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் வடிவத்துக்கு மாற்றும் கட்டளை) ஓட்டி, போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட் செய்யுங்கள்.

இனி அறிகுறிகள்.

மெயின் சர்வர் படுத்துவிட்டது, ஆனால் ரிலேயின் கியூ காலியாகவே இருக்கிறது

இதுதான் முதலில் பதற வைக்கும் அறிகுறி. வெளியிலிருந்து, உதாரணமாக உங்கள் கைபேசியின் மொபைல் டேட்டா வழியாக, டொமைனின் எம்எக்ஸ் பதிவைத் தேடிப் பாருங்கள். பதிலே வரவில்லை என்றால், டிஎன்எஸ் சர்வரும் அதே அலுவலகத்தில் அதே கரண்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். வீட்டைப் பூட்டும்போது முகவரிப் பலகையையும் உள்ளே வைத்துப் பூட்டியதுபோல. டிஎன்எஸ் சர்வர்கள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, புவியியல் ரீதியாகவே பிரிந்திருக்க வேண்டும் என்று 1997-லேயே ஆர்எஃப்சி 2182 சொல்லிவிட்டது. டிஎன்எஸ்ஸை வெளியே ஒரு சேவைக்கு மாற்றுங்கள்; ரிலே அமைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது.

பதிலில் மெயின் சர்வர் மட்டும் தெரிகிறது, 20 என்ற எண்ணில் ரிலே தெரியவில்லை என்றால், பதிவைச் சேர்க்க மறந்திருக்கலாம், அல்லது சேர்த்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கலாம். பழைய பதிலை உலகம் முழுக்க உள்ள டிஎன்எஸ் கேஷ்கள் டிடிஎல் என்ற கால அளவு முடியும்வரை வைத்திருக்கும். சர்வர் படுத்த பிறகு சேர்த்த எம்எக்ஸ் உடனே உதவாது.

இரண்டும் தெரிகிறது, ஆனாலும் மெயில் வரவில்லை. ரிலேயின் 25-ஆம் போர்ட்டுக்கு வெளியிலிருந்து டெல்நெட் செய்து பாருங்கள். 220 என்று தொடங்கும் வரவேற்பு வரவில்லை என்றால் ஃபயர்வால்தான் காரணம்: விபிஎஸ்ஸின் உள்ளே இருப்பதும், வாடகைக்கு விட்டவரின் நிர்வாகப் பக்கத்தில் இருப்பதும் என இரண்டு ஃபயர்வால். இரண்டாவதை மறந்துவிடுவது வழக்கம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கியூ காலி என்றால், ஆபத்தான வகைக்கு வந்துவிட்டீர்கள். மெயின் சர்வர் முழுதாகப் படுக்கவில்லை, அரை உயிரோடு இருக்கிறது. ஒரு தடவை எங்களுக்கு இது நடந்தது. கரண்ட் வந்தது, மெயில் சர்வர் எழுந்தது, பயனர் பட்டியல் இருந்த எல்டேப் சர்வர் மட்டும் எழவில்லை. மெயில் சர்வர் பட்டியலைத் தேடிப் பார்த்தது, யாருமே இல்லை. வந்த ஒவ்வொரு மெயிலுக்கும் '550, இப்படி ஒரு பயனர் இல்லை' என்று பதில் சொல்லித் திருப்பி அனுப்பியது. 550 என்பது நிரந்தர மறுப்பு. அதைக் கேட்ட பிறகு எந்த ஒழுங்கான சர்வரும் அடுத்த எம்எக்ஸைத் தேடிப் போகாது. பக்கத்தில் ரிலே சும்மா உட்கார்ந்திருக்க, அந்த 40 நிமிட மெயில் முழுக்க அனுப்பியவர்களிடமே திரும்பிப் போனது. எத்தனை பேரிடம் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டோம் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

அதிலிருந்து இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். மெயின் சர்வர் எழும்போது போஸ்ட்ஃபிக்ஸ் தானாகத் தொடங்காது. எல்டேப்பும் டிஸ்க்கும் சரியாக இருப்பதை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உறுதி செய்த பிறகே தொடங்கும். சந்தேகமான நேரத்தில் மெயின் சர்வரில் 'சாஃப்ட்_பவுன்ஸ் = எஸ்' என்று வைத்துவிடுவோம். அப்போது 5-ல் தொடங்கும் மறுப்பெல்லாம் 4-ல் தொடங்கும் தற்காலிகப் பதிலாக மாறும். அனுப்பியவர் மெயிலைக் கைவிடாமல் வைத்திருப்பார். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட மறக்காதீர்கள்.

'ரிலே அக்சஸ் டினைட்' என்று அனுப்பியவருக்குப் பதில் போகிறது

லாகில் 454 அல்லது 554 எண்ணோடு இது தெரியும். ரிலே_டொமைன்ஸ் வரியில் உங்கள் டொமைன் இல்லை, அல்லது எழுத்துப் பிழை, அல்லது மாற்றிவிட்டு ரீலோட் செய்யவில்லை. போஸ்ட்கான்ஃப் கட்டளையை 'என்' சேர்த்து ஓட்டினால் போஸ்ட்ஃபிக்ஸ் கோப்பில் எதைப் படிக்கிறது என்று காட்டும். நீங்கள் திருத்திய கோப்பும் அது படிக்கும் கோப்பும் வேறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அவசரத்தில் சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி தேடி, மைநெட்வொர்க்ஸ் வரியில் எல்லா முகவரிகளையும் அனுமதித்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நொடியிலிருந்து உங்கள் ரிலே ஊரில் உள்ள எல்லா ஸ்பாம் கும்பலுக்கும் திறந்த கதவு. உங்கள் ஐபி முகவரி தடைப்பட்டியல்களில் ஏறும், விபிஎஸ் கணக்கும் முடங்கலாம். மைநெட்வொர்க்ஸில் ரிலேயின் சொந்த முகவரியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

'லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்' என்று ரிலே மெயிலைத் திருப்பி அனுப்புகிறது

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரிலே திடீரென்று இப்படிச் செய்தால், யாரோ நல்லெண்ணத்தோடு டிஎன்எஸ்ஸில் கை வைத்திருப்பார்கள். 'மெயின் சர்வர்தான் இல்லையே, அதன் எம்எக்ஸை எடுத்துவிடுவோம், மெயில் நேராக ரிலேக்குப் போகட்டும்' என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். விளைவு வேறு.

வழிக் கோப்பு இல்லாத ரிலே, மெயிலைக் கொண்டு சேர்க்க எம்எக்ஸைத்தான் பார்க்கும். பட்டியலில் தன் பெயரையும் தன்னைவிடப் பெரிய எண் உள்ளவற்றையும் நீக்கிவிட்டு, மிச்சம் இருப்பதற்கு அனுப்பும். மெயின் சர்வரின் பதிவை நீக்கிவிட்டால் மிச்சம் எதுவும் இருக்காது. மிகச் சிறிய எண்ணே ரிலேயின் எண்தான். 'இந்த மெயிலை எனக்கே அனுப்பிக்கொள்ள வேண்டும்போலிருக்கிறது, இது வட்டம்' என்று முடிவு செய்து 5.4.6 என்ற நிரந்தரப் பிழையோடு பவுன்ஸ் செய்துவிடும், அதாவது அனுப்பியவருக்கே திருப்பிவிடும். காத்திருக்காது.

தீர்வு: எம்எக்ஸ் பதிவை மின்தடையின்போது தொடவே வேண்டாம். அதோடு, சதுர அடைப்போடு கூடிய வழிக் கோப்பை எப்போதும் வைத்திருங்கள். அது இருந்தால் ரிலே டிஎன்எஸ்ஸைக் கேட்கவே கேட்காது. இந்த ஒரு வரிக்காகவே நான் யார் ரிலே அமைத்தாலும் முதலில் வழிக் கோப்பைத்தான் திறந்து பார்ப்பேன்.

இதே பிழை மெயின் சர்வரில் வந்தால், காரணம் அந்த டொமைன் மெயின் சர்வரின் மைடெஸ்டினேஷனிலோ விர்ச்சுவல் டொமைன் பட்டியலிலோ இல்லாததுதான். சர்வர் ரூட்டருக்குப் பின்னால் இருந்தால் அதன் வெளி முகவரியை ப்ராக்ஸி_இன்டர்ஃபேசஸ் வரியிலும் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் அந்த முகவரியும் தன்னுடையதே என்று அதற்குத் தெரியும்.

கியூவில் ஆயிரக்கணக்கில் மெயிலர்-டீமன் மெயில்கள்

போஸ்ட்கியூ கட்டளையை 'பி' சேர்த்து ஓட்டினால், அனுப்புநர் இடத்தில் வரிசையாக மெயிலர்-டீமன் (பவுன்ஸ் மெயிலை சர்வர் அனுப்பும் பெயர்), பெறுநர் இடத்தில் நீங்கள் கேள்விப்படாத முகவரிகள். இது உங்கள் ரிலே அடுத்தவர்களுக்குச் செய்யும் தீங்கு. கூச்சப்பட வேண்டிய விஷயம், உடனே நிறுத்த வேண்டியது.

நடப்பது இது. ஸ்பாம் அனுப்புகிறவர்கள் வேண்டுமென்றே பெரிய எம்எக்ஸ் எண்ணைத் தேடி வருவார்கள், மெயின் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும்கூட. அங்கே காவல் தளர்ந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இல்லாத பெயர்களுக்கெல்லாம் மெயில் போடுவார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாத ரிலே எல்லாவற்றையும் வாங்கி வைக்கும். மெயின் சர்வரிடம் கொடுக்கும்போது அது மறுக்கும். வாங்கிய பிறகு மறுப்பு வந்தால், அனுப்புநருக்குத் தகவல் சொல்வது ரிலேயின் கடமை. அனுப்புநர் முகவரியோ போலி. அந்த முகவரிக்குச் சொந்தமான ஏதுமறியா ஒருவரின் பெட்டியில் உங்கள் பவுன்ஸ்கள் போய் விழும்.

பக்கத்து வீட்டில் பார்சல் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறோம் என்றால், நம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரிலே_ரெசிப்பியன்ட்_மேப்ஸ் அதற்குத்தான். மெயின் சர்வரில் இருந்து உயிருள்ள முகவரிகளின் பட்டியலை எடுத்து, மணிக்கு ஒரு முறை கிரான் வழியாக ரிலேக்கு அனுப்பி, அங்கே போஸ்ட்மேப் ஓட்டுங்கள். மாற்றுப்பெயர்களும் குழு முகவரிகளும் பட்டியலில் இருக்க வேண்டும். கணக்குப் பிரிவுக்கான பொது முகவரியை விட்டுவிட்டு, புயல் நாளில்தான் அது தெரியவந்தால் வேதனை. இன்னொரு எச்சரிக்கை: மெயின் சர்வர் கிடைக்காத நேரத்தில் அந்த ஸ்கிரிப்ட் வெற்றுப் பட்டியலை எழுதிவிடக் கூடாது. வந்த பட்டியலில் வரி எண்ணிக்கை முந்தையதில் பாதிக்கும் குறைவாக இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

பட்டியல் எடுக்க வழியே இல்லை என்றால், ரிஜெக்ட்_அன்வெரிஃபைடு_ரெசிப்பியன்ட் என்ற மாற்று உண்டு. ரிலே ஒவ்வொரு முகவரியையும் மெயின் சர்வரிடம் கேட்டு உறுதி செய்து நினைவில் வைத்துக்கொள்ளும். சரி என்று தெரிந்ததை இயல்பாக 31 நாள் வைத்திருக்கும். குறை என்னவென்றால், முன்பு மெயில் வந்திராத ஒரு முகவரிக்கு மின்தடை நேரத்தில் மெயில் வந்தால் ரிலேயால் கேட்டுப் பார்க்க முடியாது. 450 சொல்லித் தள்ளிப்போடும். இழப்பு இல்லை, ஆனால் அந்த மெயில் நம் கியூவுக்கு வராது. பட்டியல்தான் என் தேர்வு.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பவுன்ஸ்களை, அனுப்புநர் மெயிலர்-டீமன் என்று இருக்கும் கியூ எண்களை மட்டும் பிரித்தெடுத்து, போஸ்ட்சூப்பரில் 'டி' கொடுத்து நீக்குங்கள். 'ஆல்' என்று கொடுத்துவிடாதீர்கள். அது காத்திருக்கும் நல்ல மெயிலையும் சேர்த்து அழித்துவிடும், திரும்பப் பெற வழியில்லை.

ஸ்பாம் வடிகட்டியும் தடைப்பட்டியல் சோதனையும் மெயின் சர்வரில் எப்படியோ அப்படியே ரிலேயிலும் இருக்க வேண்டும்.

மெயின் சர்வர் எழுந்துவிட்டது, கியூ மட்டும் நகரவில்லை

எழுந்து அரை மணி நேரம்தான் ஆகிறது என்றால் பெரும்பாலும் பிழையே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் 300 வினாடிக்கு ஒரு முறை தள்ளிப்போட்ட கியூவைப் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு மெயிலையும் அப்போதே முயலாது. ஒரு மெயில் எவ்வளவு நேரம் காத்திருந்ததோ அதற்கேற்ப அடுத்த முயற்சியும் தள்ளிப் போகும். உச்சவரம்பு 4000 வினாடி, அதாவது 66 நிமிடம் 40 வினாடி. பத்து மணி நேரம் காத்திருந்த மெயில், சர்வர் எழுந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்கலாம்.

பொறுக்க முடியாவிட்டால் போஸ்ட்கியூவை 'எஃப்' சேர்த்து ஒரு முறை ஓட்டுங்கள். முழுக் கியூவும் உடனே முயலப்படும். ஒரு டொமைனை மட்டும் தள்ள வேண்டுமென்றால் 'எஸ்' சேர்த்து டொமைன் பெயர் கொடுங்கள். ஆனால் மெயின் சர்வர் இன்னும் எழாத நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'எஃப்' கொடுத்துக்கொண்டிருப்பது கெடுதல். ஒவ்வொன்றும் டைம்அவுட் ஆகும்வரை காத்து, ரிலேயின் மற்ற வேலைகளையும் அது இழுத்தடிக்கும்.

தள்ளியும் போகவில்லை என்றால், போஸ்ட்கியூ பட்டியலில் ஒவ்வொரு மெயிலுக்கும் கீழே அடைப்புக்குள் காரணம் இருக்கும். அதைப் படியுங்கள். 'டெலிவரி டெம்பரரிலி சஸ்பெண்டட்' என்று இருந்தால் அந்த மெயில் இன்னும் முயலப்படவே இல்லை. முன்னால் போன ஒன்று தோற்றதால் அந்த இலக்கையே கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். உண்மையான காரணம் அதற்குப் பின் வரும் சொற்களில் இருக்கும்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் மெயின் சர்வரின் இயந்திரம் எழுந்திருக்கிறது, போஸ்ட்ஃபிக்ஸ் எழவில்லை. 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்றால் நடுவில் யாரோ மறிக்கிறார்கள். சுரங்கம் உயிரோடு இருக்கிறதா என்று பிங் செய்து பாருங்கள். கரண்ட் வந்ததும் அலுவலக இணைப்புக்குப் புதிய ஐபி கிடைத்திருக்கலாம். வயர்கார்டில் அலுவலகப் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 வினாடி என்று வைத்திருந்தால் அதுவே மறுபடி இணைத்துக்கொள்ளும்.

சுரங்கம் இல்லாமல் நேராக 25-ஆம் போர்ட்டில் அனுப்புகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பல கிளவுட் சேவைகள் வெளியே செல்லும் 25-ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கும். உள்ளே வரும் மெயில் வரும், வெளியே போகாது. அதனால் சாதாரண நாளில் எந்தக் குறையும் தெரியாமல், புயலுக்குப் பிறகு கியூ நிறைந்து நிற்கும்போதுதான் வெளிப்படும். சுரங்கம் வைத்துக்கொள்வதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம். முடியாதென்றால், மெயின் சர்வரில் 2525 போன்ற வேறொரு போர்ட்டை ரிலேயின் முகவரிக்கு மட்டும் திறந்து, வழிக் கோப்பில் அந்த எண்ணைச் சேர்க்கலாம்.

காரணமாக 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட், ட்ரை அகெய்ன்' என்று வருகிறது, கட்டளை வரியில் தேடினால் பெயர் சரியாகக் கிடைக்கிறது என்றால், டெபியன், உபுண்டு பயன்படுத்துகிறவர்கள் போஸ்ட்ஃபிக்ஸ் செக் ஓட்டுங்கள். அங்கே போஸ்ட்ஃபிக்ஸின் சில பகுதிகள் தனிச் சிறைக்குள் ஓடும். அதற்குள், எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கோப்பின் பழைய நகல் இருக்கும். நெட்வொர்க் மாறியும் நகல் மாறாமல் இருந்தால் இந்தக் குழப்பம். போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்தால் தீரும்.

கியூ நகர்கிறது, ஆனால் மெயின் சர்வர் மெயிலை மறுக்கிறது

எனக்குத் தெரிந்து அதிக மெயிலைக் காவு வாங்கியது இதுதான். மின்தடை முழுக்க ரிலே பத்திரமாகக் காத்து வைத்த மெயிலை, கடைசி அடியில் நம் சர்வரே தள்ளிவிடும்.

மெயின் சர்வரின் கண்ணுக்கு எல்லா மெயிலும் ரிலேயின் முகவரியிலிருந்து வருகின்றன. எஸ்பிஎஃப் சோதனை என்ன செய்யும்? வங்கியின் பெயரில் வரும் மெயில் வங்கியின் சர்வரிலிருந்து வராமல் எங்கோ ஒரு விபிஎஸ்ஸிலிருந்து வருகிறது என்று பார்த்து, 550 சொல்லி மறுக்கும். கிரேலிஸ்ட் இருந்தால் புதிய ஆள் என்று காத்திருக்கச் சொல்லும். வேக வரம்பு வைத்திருந்தால், ஒரே முகவரியிலிருந்து இத்தனை மெயிலா என்று பூட்டிவிடும். ஒரு சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான நல்ல மெயில் பவுன்ஸ் ஆகிவிடும்.

அதனால் ரிலேயின் முகவரியை மெயின் சர்வர் முழுமையாக நம்ப வேண்டும். பெறுநர் சோதனை வரிசையில், ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷனுக்குப் பிறகும் எஸ்பிஎஃப், கிரேலிஸ்ட் சோதனைகளுக்கு முன்பும், ரிலேயின் முகவரிக்கு 'ஓகே' சொல்லும் ஒரு கிளையன்ட் அக்சஸ் கோப்பை வையுங்கள். ஸ்பாம்அசாசின் இருந்தால் அதன் டிரஸ்டட்_நெட்வொர்க்ஸ், இன்டர்னல்_நெட்வொர்க்ஸ் இரண்டிலும் ரிலேயைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அது ரிலேயைத் தாண்டி, மெயில் உண்மையில் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும். எஸ்பிஎஃப் சோதனையை ரிலேயிலேயே, மெயில் வாங்கும் வேளையிலேயே செய்துவிடுங்கள். அசல் முகவரி கண்ணில் படும் இடம் அதுதான். மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ரிலே மெயிலின் உள்ளடக்கத்தைத் தொடாதவரை. 'இந்த மெயில் வெளியிலிருந்து வந்தது' போன்ற அடிக்குறிப்பை ரிலே சேர்த்தால் கையெழுத்து உடையும். எதையும் சேர்க்காதீர்கள்.

இப்போதுதான் எழுந்த சர்வர் மூச்சுவிடட்டும் என்றால், ரிலேயில் ரிலே_டெஸ்டினேஷன்_கன்கரன்சி_லிமிட்டை 20-லிருந்து 3 அல்லது 5-க்குக் குறையுங்கள். வைரஸ் சோதனை ஓடும் சிறிய சர்வருக்கு 20 இணைப்புகள் ஒரே நேரத்தில் பாய்ந்தால் மறுபடி படுத்துவிடும்.

கியூவைத் தள்ளுவதற்கு முன் ஒரே ஒரு மெயிலை அனுப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். போஸ்ட்சூப்பரில் 'எச்' கொடுத்து முழுக் கியூவையும் நிறுத்தி வைப்போம். பட்டியலில் கியூ எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வரும். ஒன்றை மட்டும் பெரிய 'எச்' கொடுத்து விடுவிப்போம். அது பெட்டியில் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றவை.

ஐந்தாம் நாள் மெயில்கள் பவுன்ஸ் ஆகத் தொடங்குகின்றன

மாக்ஸிமல்_கியூ_லைஃப்டைமின் இயல்பு அளவு 5 நாள். வெள்ளத்தில் மூழ்கிய சர்வருக்கு மாற்று வாங்கி நிறுவ அதைவிட அதிக நாள் பிடிக்கலாம். நான் 14 நாள் வைக்கிறேன். நான்காம் நாளில்தான் நினைவு வந்தது என்றாலும் கவலையில்லை: மதிப்பை மாற்றி ரீலோட் செய்தால் ஏற்கெனவே காத்திருக்கும் மெயிலுக்கும் பொருந்தும். மெயில் வந்த நேரத்தை வைத்துத்தான் ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்கிறது.

நிறுத்தி வைத்தால் வயது ஏறாது என்று நினைத்துவிடாதீர்கள், ஏறும். பல நாள் நிறுத்தி வைத்ததைப் பெரிய 'எச்'சால் விடுவிப்பதற்குப் பதிலாக 'ஆர்' கொடுத்து மறுபடி கியூவில் சேர்ப்பது பாதுகாப்பு.

'452, இன்சஃபிஷியன்ட் சிஸ்டம் ஸ்டோரேஜ்'

டிஸ்க்கில் இடம் குறைந்துவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் முழுக்க நிறையும்வரை காத்திருக்காது. ஒரு மெயிலுக்கான உச்ச அளவைப்போல ஒன்றரை மடங்கு இடம் இல்லையென்றாலே புதிய மெயிலை மறுக்கும். இடம் இருக்கிறதே என்று தோன்றினால் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் பதிவிடம்) தீர்ந்துவிட்டதா என்று டிஎஃப் கட்டளையை 'ஐ' சேர்த்துப் பாருங்கள். மெயிலுக்கு ஒரு கோப்பாவது இருக்கும், சின்னச் சின்னக் கோப்புகள் ஐநோடைத் தின்றுவிடும்.

கணக்கு எளிது. ஒரு நாளுக்கு 3,000 மெயில், சராசரி 200 கிலோபைட் என்றால் 600 மெகாபைட். 14 நாளுக்கு 8.4 ஜிகாபைட். அதைப் போல இரண்டு மடங்கு, கியூவுக்கென்றே தனிப் பகுதியாக ஒதுக்குங்கள். லாக் கோப்பு வளர்ந்து மெயிலின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

மெஸேஜ்_சைஸ்_லிமிட் இரண்டு சர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அளவு 1,02,40,000 பைட். மெயின் சர்வரில் உயர்த்தியிருந்து ரிலேயில் மறந்தால், பெரிய இணைப்புள்ள மெயில் மின்தடை நாளில் மட்டும் திரும்பிப் போகும். இணைப்பு அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பதால், 25 மெகாபைட் கோப்புக்குக் குறைந்தது 35 வைக்க வேண்டும்.

எதுவும் கெடவில்லை, ஆனால் வேலை செய்யுமா என்று தெரியவில்லை

புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒதுக்குங்கள். மெயின் சர்வரின் 25-ஆம் போர்ட்டை வெளியுலகத்துக்கும் ரிலேக்கும் சேர்த்து மூடுங்கள். வெளியே இரண்டு வெவ்வேறு சேவைகளிலிருந்து மூன்று மெயில் அனுப்புங்கள்: ஒன்று சாதாரணமாக, ஒன்று பெரிய இணைப்போடு, ஒன்று இல்லாத பெயருக்கு. முதல் இரண்டும் ரிலேயின் கியூவில் இருக்க வேண்டும். மூன்றாவதை ரிலே வாசலிலேயே மறுத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, போர்ட்டைத் திறந்து, எதையும் தள்ளாமல் கடிகாரத்தைப் பாருங்கள். மெயில் தானாகப் பெட்டிக்கு வந்து சேர்ந்த நேரத்தை எழுதி, ஜெனரேட்டர் சாவி தொங்கும் ஆணியிலேயே அந்தத் தாளையும் மாட்டி வையுங்கள்.